போன் அடித்தால் மன்னித்துவிடுங்கள்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



முதலில் ஒரு மன்னிப்பு. அரங்கத்துக்குள் நுழையும்போது செல்போனை அணைத்துவிடுங்கள் என்று ஒரு மாணவி அன்பாகச் சொன்னார். நான் அணைக்கவில்லை. இதோ மேஜை மேல்தான் இருக்கிறது. பேசிக்கொண்டிருக்கும்போது அது அடித்தால், மதுரையிலிருந்து என்றால், பேச்சைப் பாதியில் விட்டுவிட்டுக் கிளம்பிவிடுவேன். மாலை, சால்வை எல்லாம் அப்புறம் கொடுத்தனுப்புங்கள். நாலு வருஷத்துக்கு மேலாக இந்த போனை நான் அணைத்ததே இல்லை. குளியலறைக்குக்கூட கூடவே வரும். என் மனைவி அதை 'உங்க சின்ன வீடு' என்பாள்.

சங்கச் செயலாளர் என்னைப் பேசக் கூப்பிட்டபோது, "ஏதாவது தன்னம்பிக்கையா பேசுல" என்றான். என்னிடம் தன்னம்பிக்கை ஸ்டாக் குறைவு. காத்திருப்பது எப்படி இருக்கும் என்று மட்டும் தெரியும். அதைச் சொல்கிறேன்.

எனக்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை. இது எப்படி வந்தது என்றால், சத்தமில்லாமல் வந்தது. நம் கல்லூரி வாலிபால் டீமில் ஆடினவன் நான். அந்தக் காலத்து முழங்கால் வலி போகவேயில்லை. பள்ளிக்கூடத்தில் நாள் முழுக்க நின்று பாடம் நடத்திவிட்டு, சாயங்காலம் மருந்துக்கடையில் ஒரு வலி மாத்திரை. சீட்டு கிடையாது, கேள்வி கிடையாது. "சார், வழக்கமானதா?" என்று கடைப்பையனே எடுத்து வைப்பான். இப்படிப் பத்துப் பன்னிரண்டு வருஷம். கூடவே ரத்தக் கொதிப்பு இருந்திருக்கிறது, பார்க்கவே இல்லை. தலை வலித்தால் அதற்கும் அதே மாத்திரை. 2017-ல் கால் வீங்கி, முகம் உப்பி, ரத்தத்தைச் சோதித்தபோது கிரியாட்டினின் ஏறிக் கிடந்தது. டாக்டர் கேட்டார், "வேதியியல் வாத்தியாரா சார் நீங்க?" அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை.

மருந்திலும் பத்தியத்திலும் நாலு வருஷம் ஓட்டினேன். 2021 ஜூனில் டயாலிசிஸ் தொடங்கியது.

டயாலிசிஸ் என்ற சொல்லை நமக்கு எங்கே சொல்லிக்கொடுத்தார்கள் என்று வகுப்புத் தோழர்களுக்கு நினைவிருக்கும். வேப்பமரத்துக்கு எதிரே இருந்த பழைய லேப். கூழ்மங்கள் பாடம். 1861-ல் தாமஸ் கிரகாம் என்ற ஸ்காட்லாந்துக்காரர் வைத்த பெயர் அது. ஒரு சவ்வு, ஒரு பக்கம் கூழ்மம், இன்னொரு பக்கம் தண்ணீர், சின்ன மூலக்கூறுகள் தாண்டிப் போய்விடும், பெரியவை தங்கிவிடும். ஐந்து மார்க் கேள்வி. நானே முப்பது வருஷமாகப் பிள்ளைகளுக்கு அதை நடத்தியிருக்கிறேன். அந்தச் சவ்வுக்கு ஒரு பக்கம் என்னுடைய ரத்தமே ஓடும் என்று நினைத்தேனா?

திங்கள், புதன், வெள்ளி. காலை ஆறு மணி ஷிஃப்ட். இடது கையில் தமனியையும் சிரையையும் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். ஃபிஸ்டுலா என்று பெயர். தொட்டுப் பார்த்தால் பூனை உறுமுகிற மாதிரி ஓர் அதிர்வு. தினமும் எழுந்தவுடன் காதருகே வைத்துக் கேட்பேன். சத்தம் இருந்தால் அன்றைய பொழுது விடிந்தது. அதில் இரண்டு ஊசி. ஒன்றில் ரத்தம் போகும், இன்னொன்றில் திரும்பி வரும். நாலு மணி நேரம். ஒரு நிமிஷத்துக்குச் சுமார் அரை லிட்டர் வீதம் சுத்திகரித்த திரவம் சவ்வின் மறுபக்கம் ஓடுகிறது. கணக்குப் போடுங்கள், ஒரு தடவைக்கு 120 லிட்டர்.

எனக்குக் குடிக்க அனுமதி, ஒரு நாளைக்கு 700 மில்லி. காபி, மோர், ரசம், மாத்திரைக்குக் குடிக்கிற தண்ணீர், எல்லாம் சேர்த்து.

இதுதான் நண்பர்களே, இந்த நோயில் நான் அழுத இடம். ஊசிக்கு அழவில்லை. தாமிரபரணிக் கரையில் பிறந்தவன். குறுக்குத்துறையில் படித்துறையிலிருந்து குதித்து, வாயைத் திறந்து ஆற்றையே குடித்தவன். ஹாஸ்டல் பசங்க எத்தனை பேர் என்னோடு அங்கே வந்திருக்கிறீர்கள்! அப்படிப்பட்டவனுக்கு இன்று காலையில் ஒரு சின்ன பாட்டிலில் அளந்து ஊற்றி, அதில் கோடு போட்டு, "மத்தியானம் வரைக்கும் இதுதான்" என்று மனைவி கொடுத்தனுப்பியிருக்கிறாள். மேஜையில் நீங்கள் வைத்த இந்தப் பெரிய பாட்டிலை நான் பார்க்காமல் பேச முயற்சி செய்துகொண்டிருக்கிறேன். கோடையில் ஐஸ் கட்டி ஒன்றை வாயில் ஒதுக்கிக்கொள்வேன். அதிலும் உருகும் தண்ணீருக்குக் கணக்கு உண்டு.

அப்புறம் பார்க்க வருகிறவர்கள். நம் ஊரில் நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு யார் வருவார்கள்? இளநீர், வாழைப்பழம், ஆரஞ்சு. மூன்றிலும் பொட்டாசியம். எங்கள் உடம்பில் அது வெளியேறாமல் தங்கினால் இதயத் துடிப்பே நின்றுபோகலாம். காய்கறியைக்கூட நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் சமைக்க வேண்டும். ருசி எல்லாம் அந்தத் தண்ணீரோடு போய்விடும். என் பெரியம்மா ஒரு குலை இளநீரோடு வந்து, "இது குளிர்ச்சிப்பா, கிட்னிக்கு நல்லது" என்று வெட்டி நீட்டினார். வேண்டாம் என்றதும் முகம் வாடிவிட்டது. அவருக்கு அதை விளக்கிச் சொல்ல நான் படித்த வேதியியல் போதவில்லை.

எங்கள் டயாலிசிஸ் அறையில் எட்டுக் கட்டில். எனக்கு இடது பக்கம் முக்கூடல் பக்கத்து அக்கா ஒருத்தி, பீடி சுற்றுகிறவள். ஒரு கை ஊசியில் மாட்டியிருக்கும். மற்றொரு கை விரல்கள் போர்வைக்கு மேல் தன்னாலே சுற்றிக்கொண்டிருக்கும், இலையும் தூளும் இல்லாமலே. "பழக்கம் சார், நிக்க மாட்டேங்கு" என்பாள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் மட்டும் இல்லையென்றால் அவள் அந்தக் கட்டிலுக்கே வந்திருக்க முடியாது.

வலது பக்கம் ஆட்டோ ஓட்டும் தம்பி. முப்பத்திரண்டு வயது. என்னை 'சார்வாள்' என்றுதான் கூப்பிடுவான். நாலு மணி நேரமும் வாய் ஓயாது. ஒரு பொங்கலுக்கு, "சார்வாள், பிள்ளைகளோட இருக்கணும், இந்த ஒரு தடவை லீவு" என்று சொல்லிவிட்டுப் போனான். வெள்ளிக்கிழமை வரவில்லை. கரும்பு தின்றானா, என்ன குடித்தான், தெரியாது. எங்களுக்கு வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவே இருப்பதுதான் வாரத்தில் நீளமான இடைவெளி, அதுவே ஆபத்தானது. அவன் அதை இன்னும் நீட்டிவிட்டான். திங்கட்கிழமை அவன் கட்டிலில் சிஸ்டர் விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தார். நாங்கள் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அந்த அறையில் அது கேட்கக் கூடாத கேள்வி. பீடி அக்காவின் விரல்கள் மட்டும் அன்றைக்கு அசையவில்லை.

'மாற்றிக்கொள்ள வேண்டியதுதானே?' என்று நீங்கள் கேட்பது புரிகிறது. மாற்று அறுவை சிகிச்சை ஒன்றும் புதிதல்ல. 1954-ல் பாஸ்டனில் ஜோசப் முர்ரே இரட்டைச் சகோதரர்களுக்கு இடையே செய்து வெற்றி கண்டார். நம் வேலூரில் 1971-லேயே செய்துவிட்டார்கள். ஆனால் கொடுக்க ஒருவர் வேண்டும். என் ரத்த வகை 'ஓ'. நாங்கள் எல்லோருக்கும் கொடுக்கலாம், எங்களுக்கு 'ஓ' மட்டும்தான் சேரும். ரத்தம் கொடுத்த காலத்தில், எல்லோருக்கும் கொடுக்கிற வகை என்று பெருமையாகத் திரிந்தேன். இப்போது தெரிகிறது.

மனைவி கொடுக்கிறேன் என்றாள். அவளுக்கு 'பி', போதாததற்குச் சர்க்கரை வேறு. மகள் கொடுக்கிறேன் என்றாள், அவளுக்கு 'ஓ'தான். கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. சட்டம் அனுமதிக்கிறது, டாக்டரும் பரிசோதித்துச் செய்யலாம் என்றார். என்னால் முடியவில்லை. அது பாசமா, பிடிவாதமா என்று எனக்கே இன்னும் தெரியவில்லை. மகள் அதற்காக என்னிடம் இன்றும் கோபமாகத்தான் இருக்கிறாள். அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவரிடம் நான் கேட்கவில்லை. கேட்டுவிடுவேனோ என்று பயந்து கொஞ்ச நாள் வீட்டுப்பக்கம் வராமல் இருந்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் இடத்தில் நான் இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று நேர்மையாக யோசித்துப் பார்த்திருக்கிறேன்.

ஆக, மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்து பெறும் பட்டியலில் பதிவு செய்தேன். மதுரையில் ஒரு மருத்துவமனை வழியாக. தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரில் ஹிதேந்திரன் என்ற பையனின் உறுப்புகளை, டாக்டர்களான அவன் பெற்றோர் தானம் செய்ததும், இதயத்தைக் கொண்டுபோகப் போலீஸ் வழிவிட்டதும் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். அதே வருஷம்தான் அரசின் திட்டமும் முறையாக வந்தது. ரத்த வகை, பதிவு செய்த தேதி, இந்த வரிசையில்தான் கூப்பிடுவார்கள். சிபாரிசு நடக்காது. மந்திரி சொந்தக்காரனாக இருந்தாலும் வரிசையில் நிற்க வேண்டும். எனக்கு அதில் ஒரு சந்தோஷம்கூட.

முதல் அழைப்பு 2023 நவம்பரில் வந்தது. இரவு பதினொன்றே முக்கால். "சார், ஒண்ணும் சாப்பிடாதீங்க, உடனே கிளம்பி வாங்க." பக்கத்து வீட்டுத் தம்பி காரை எடுத்தான். நான்கு வழிச்சாலையில் பறந்தோம். கோவில்பட்டி தாண்டும்வரை யாரும் பேசவில்லை. சாத்தூர் வந்தபோது மனைவி மெதுவாக, "என்னங்க, நாளைக்கு இந்நேரம் நீங்க வயிறு நிறையத் தண்ணி குடிப்பீங்கள்ல?" என்றாள்.

போனால், எனக்கு முன்னால் ஒரு பெண் உட்கார்ந்திருந்தது. இருபது வயதிருக்கும். "பி.காம். ரெண்டாம் வருஷம் சார்" என்றார் அவள் அப்பா. ஒரு சிறுநீரகம் ஏற்கெனவே வேறு ஊருக்கு ஒதுக்கப்பட்டுவிட்டது. இங்கே இருப்பது ஒன்று. வரிசையில் முதல் ஆள் அவள், இரண்டாவது நான். ஒருவருக்கு ஒத்துவராவிட்டால் உறுப்பு வீணாகக் கூடாதே, அதற்காக அடுத்த ஆளையும் கூப்பிட்டு வைப்பார்கள். இருவரிடமும் ரத்தம் எடுத்துக்கொண்டு போனார்கள். கொடுப்பவரின் செல்லோடு நம் ரத்தம் சண்டை போடுகிறதா என்று பார்க்கிற சோதனை. பல மணி நேரம் ஆகும்.

அந்த மணி நேரங்களைப் பற்றித்தான் நான் இன்றைக்குச் சொல்ல வேண்டும் என்று வந்தேன். வீட்டில்கூட வெகுநாள் சொல்லவில்லை. எதிரே அந்தப் பெண் அப்பா தோளில் சாய்ந்து தூங்குகிறது. மெலிந்த கை, அதிலும் ஃபிஸ்டுலா. முப்பது வருஷம் அந்த வயதுப் பிள்ளைகளுக்கு வாத்தியாராக இருந்தவன் நான். அவளைப் பார்த்துக்கொண்டே மனதுக்குள் வேண்டினேன்: ஒத்துப்போகக் கூடாது. ஒத்துப்போகக் கூடாது. ஒரு தடவை இல்லை, விடிய விடிய.

ஒத்துப்போய்விட்டது. அவள் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சிருங்க சார்" என்று அழுதார். அந்த மனிதர் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார்! நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

விடியற்காலை வெளியே வந்தோம். மரத்தடியில் ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. பெண்களுக்கு அழுது அழுது குரலே இல்லை. ஒரு நடுவயது ஆள் மடியில் கேரி பேக், அதற்குள் ஒரு ஜோடி செருப்பு, இளவட்டங்கள் போடுகிற மாதிரி. அவர்கள்தானா என்று எனக்குத் தெரியாது. கொடுத்தவர் யார் என்று எங்களுக்குச் சொல்ல மாட்டார்கள், அதுதான் முறை. ஆனால் இந்த போன் அடிக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்கிற ஒவ்வொரு ராத்திரியும் எதற்காக வேண்டிக்கொள்கிறேன் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. எங்கோ ஒரு வீட்டில் ஒரு பையன் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். அதன்பின் என் பிரார்த்தனை குழறிவிட்டது. இப்போதெல்லாம் வேண்டிக்கொள்வதே இல்லை, போனுக்கு சார்ஜ் மட்டும் போடுகிறேன்.

இரண்டாவது அழைப்பு 2024 ஆகஸ்டில். இந்தத் தடவை நான்தான் முதல் ஆள். ஆனால் இரண்டு நாளாக எனக்கு சளிக் காய்ச்சல். போனில் கேட்டபோது, "ஒண்ணுமில்லை, நல்லாயிருக்கேன்" என்றேன். காரில் ஏறும்போது ஒரு காய்ச்சல் மாத்திரையையும் போட்டுக்கொண்டேன். மாத்திரையால்தான் கெட்டேன், மாத்திரையாலேயே ஏமாற்றப் பார்த்தேன். மருத்துவமனையில் சூடு இல்லை. டாக்டர் திருப்தியாகத் தலையாட்டினார். அப்போது என் மனைவி, நான் கண்ணால் தடுக்கத் தடுக்க, "டாக்டர், இவருக்கு நேத்து நூத்தியொண்ணு இருந்துச்சு" என்றாள்.

நெஞ்சைப் படம் எடுத்தார்கள். சளி கட்டியிருந்தது. மாற்றிய உறுப்பை உடம்பு தள்ளாமல் இருக்க, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து கொடுப்பார்கள். இந்தச் சளியோடு அதைக் கொடுத்தால் சிறுநீரகமும் போகும், ஆளும் போவான் என்று டாக்டர் நேராகவே சொன்னார். வாசலில் இரண்டாவது ஆளாக ஒரு பெரியவர் காத்திருந்தார். அவரை உள்ளே கூப்பிட்டார்கள். என்னைத் தாண்டிப் போகும்போது அவர் நிமிர்ந்து பார்க்கவேயில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். அந்த பெஞ்சில் உட்கார்ந்து அவர் என்ன நினைத்திருப்பார் என்பதும் தெரியும்.

திரும்பி வரும் வழியெல்லாம் மனைவியோடு பேசவில்லை. அடுத்த இரண்டு நாளும் பேசவில்லை. மூன்றாம் நாள் டயாலிசிஸ் முடிந்து கால் நரம்பு இழுத்துக்கொண்டது. அவள்தான் தேய்த்துவிட்டாள். "என்னைத் திட்டணும்னா திட்டுங்க, நீங்க இருந்து திட்டுங்க" என்றாள். திட்டவில்லை.

மாணவச் செல்வங்களே, உங்களிடம் இரண்டு காரியம். இன்றைக்கு நம் பேட்ச் டாக்டர் நண்பர்கள் கேன்டீனுக்குப் பக்கத்தில் ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள். சாப்பாட்டு வரிசையில் நிற்பதற்கு முன்னால் அங்கே ஒரு நிமிஷம் நில்லுங்கள். உங்கள் வீட்டில் யாராவது சீட்டில்லாமல் வலி மாத்திரை வாங்கினால் கேள்வி கேளுங்கள். இன்னொன்று, உறுப்பு தானம். அட்டை வாங்கிப் பையில் வைத்தால் மட்டும் போதாது. மூளைச்சாவை நாலு டாக்டர் குழு, ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு தடவை சோதித்துத்தான் அறிவிக்கும். அதற்குப் பிறகு கேட்பது உங்கள் அப்பா அம்மாவிடம். அவர்கள் அந்த நேரத்தில் எந்த நிலைமையில் இருப்பார்கள்? ஆகவே முன்னாலேயே வீட்டில் சொல்லியிருக்க வேண்டும். சாப்பிட்டுக்கொண்டே சாதாரணமாகச் சொல்லிவையுங்கள். தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கும் என்று 2023 செப்டம்பரில் நம் அரசு அறிவித்தது. முதலில் அதைப் படித்தபோது, என்ன பெரிய மரியாதை என்றுதான் நினைத்தேன். அந்தச் செருப்புப் பையைப் பார்த்த பிறகு அப்படி நினைக்கவில்லை. வண்டி ஓட்டும்போது ஹெல்மெட் போடுங்கள் என்றும் சொல்கிறேன். எனக்கு அது நஷ்டம்தான், இருந்தாலும் சொல்கிறேன்.

அந்த பி.காம். பெண் படிப்பை முடித்துவிட்டதாம். அவள் அப்பா தீபாவளிக்கு போன் செய்தார். மதுரை நம்பர். அடித்ததும் என் வீட்டில் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். பேசி முடித்து வைத்தபோது, ஏமாற்றம் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அவளுக்காகச் சந்தோஷப்பட என்னால் முடிந்தது. முழுசாகவே முடிந்தது. அதை இந்த மேடையில் சொல்லிவிட ஆசைப்பட்டேன்.

நேரமாகிவிட்டது, செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறான். நாளைக்குக் காலை ஆறு மணிக்கு எனக்கு ஷிஃப்ட். பந்தியில் எனக்குப் பாயசம் கால் டம்ளர் போதும். 700-ல் அதற்கு இடம் ஒதுக்கித்தான் வந்திருக்கிறேன். சாம்பாரை நண்பர்கள் யாராவது எடுத்துக்கொள்ளுங்கள்.